புல்லில் தொடங்கும் கணக்கு

தோட்டத்தோடு மாடும் சேர்ந்தால் சிறு விவசாயிக்குக் கட்டுமா? பள்ளங்கிச் சரிவுகளிலிருந்து ஒரு பார்வை

பெருமாள்மலைச் சந்திப்பில் விடியற்காலையில் எதிரெதிரே கடந்து போகும் வண்டிகளைக் கவனித்தாலே கொடைக்கானல் மலையின் விவசாயக் கணக்கு பாதி புரிந்துவிடும். இறங்கும் வண்டிகளில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ மதுரைக்கோ போகிற பாரம் அது. பூண்டு மூட்டை என்றால் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு. ஏறும் வண்டிகளில் கீழ்நாட்டுத் தொழு எரு, கோழி எரு, மாட்டுத்தீவன மூட்டைகள், தார்ப்பாய் போட்டு இறுக்கிய வைக்கோல். மலையில் விளைந்த சத்தெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்குகிறது. அதை ஈடுகட்டும் சத்து டீசல் செலவோடு அதே வளைவுகளில் மேலே ஏறுகிறது. இரண்டு பயணத்துக்கும் வாடகை கொடுப்பவர் ஒரே ஆள்தான்: அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ வைத்திருக்கும் விவசாயி.

கொடைக்கானல் நகருக்கு வடக்கே, வில்பட்டியை ஒட்டி இருக்கிறது பள்ளங்கி. சரிவைப் படிப்படியாக வெட்டிய சின்னச் சின்னத் தோட்டங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் தொழுவம், இல்லாவிட்டால் ஒரு காலத்தில் தொழுவமாக இருந்த கொட்டகை. மாடும் தோட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்றது இங்கே பழைய வழக்கம். அதைத்தான் ‘ஒருங்கிணைந்த பண்ணையம்’ என்ற பெயரில் வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் இப்போது பரிந்துரைக்கின்றன. சிறு விவசாயியைக் காப்பாற்ற இதுவே வழி என்கிறார்கள். வழிதான். ஆனால் எந்த நிபந்தனையில் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் மாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், அந்த மாடே கடனாக மாறும். இந்தக் கட்டுரை அந்த நிபந்தனையைப் பற்றியது.

இரண்டு வருமானம் என்ற மயக்கம்

பயிர் ஒரு வருமானம், பால் இன்னொரு வருமானம், ஒன்று விழுந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதுதான் வழக்கமான விளக்கம். தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களும் மேலோட்டமாகப் பார்த்தால் இதையே சொல்கின்றன. 2012-13ல் இந்திய விவசாயக் குடும்பம் ஒன்று கால்நடையிலிருந்து மாதம் சராசரியாக 763 ரூபாய் ஈட்டியது. 2018-19ல் அது 1,582 ரூபாய். அதே ஆறு ஆண்டுகளில் பயிர் வருமானம் 3,081 ரூபாயிலிருந்து 3,798 ரூபாய்க்குத்தான் நகர்ந்தது. கால்நடை இரண்டு மடங்குக்கு மேல் ஏற, பயிர் கால் பங்குகூட ஏறவில்லை. மாடு வாங்குங்கள் என்று சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

அதே ஆய்வின் இன்னொரு கணக்கை யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. மேலே சொன்னதெல்லாம் கையைவிட்டுப் போன காசை மட்டும் செலவாகக் கழித்துப் பெற்ற தொகை. வீட்டிலேயே விளைந்த தீவனம், வீட்டாரின் கூலியில்லாத உழைப்பு போன்றவற்றுக்கும் விலை போட்டுக் கழித்தால், 2018-19ன் பயிர் வருமானம் 3,058 ரூபாயாகக் குறைகிறது. கால்நடை வருமானமோ 441 ரூபாய்க்குச் சரிந்துவிடுகிறது. அதாவது மாடு சம்பாதித்துக் கொடுப்பதாக நாம் நினைக்கும் பணத்தைப் பத்தாகப் பிரித்தால், ஏழு பங்குக்கும் மேல் அந்த வீட்டின் புல்லும் அந்த வீட்டாரின் உழைப்பும்தான். மாடு அவற்றைப் பாலாக மாற்றிக் கொடுக்கிறது. புல் வீட்டில் இல்லாமல் கடையிலிருந்து வந்தால், மாற்றித்தர எதுவும் இருக்காது.

ஆகவே கலப்புப் பண்ணையத்தின் லாபம் இரண்டு வரவுகளைக் கூட்டுவதில் இல்லை. இரண்டு செலவுகளை ஒழிப்பதில் இருக்கிறது. தோட்டத்துக் கழிவு தீவனச் செலவை ஒழிக்க வேண்டும். தொழுவத்துச் சாணம் எருச் செலவை ஒழிக்க வேண்டும். தீவனத்தையும் விலைக்கு வாங்கி, எருவையும் விலைக்கு வாங்கினால், அது ஒரே நிலத்தில் நடக்கும் இரண்டு தனித்தனிக் கடைகள். இரண்டும் சேர்ந்து நஷ்டப்படவும் செய்யும்.

ஒரு பசுவின் 365 நாள்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கைப் பார்க்க ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு. ஆவின் 2023 டிசம்பரில் அறிவித்த ஊக்கத்தொகையையும் சேர்த்து லிட்டர் 38 ரூபாய். நாள் வரவு 304 ரூபாய். நாலரை கிலோ அடர்தீவனம், கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 135 ரூபாய். பசும்புல் 25 கிலோ, கிலோ 4 ரூபாய் வீதம் 100. வைக்கோல் 4 கிலோ, கிலோ 10 ரூபாய் வீதம் 40. எல்லாவற்றையும் விலைக்கு வாங்கினால் மிஞ்சுவது நாளுக்கு 29 ரூபாய். ஆண்டில் 300 நாள் கறவை என்றால் 8,700 ரூபாய். பால் வற்றிய மீதி 65 நாளும் மாடு தின்னாமல் இருக்காது. அடர்தீவனத்தை ஒன்றரைக் கிலோவாகக் குறைத்தாலும் நாளுக்கு 185 ரூபாய், மொத்தம் 12,000 ரூபாய்க்கு மேல். ஆண்டு முடிவில் மூவாயிரத்துச் சொச்சம் நஷ்டம். சினை ஊசி, மருந்து, வீட்டுப் பெண்களின் உழைப்பு எதுவும் இதில் சேரவில்லை.

அதே மாட்டுக்குப் பசும்புல் முழுவதும் சொந்த வரப்பிலிருந்தும், வைக்கோலில் பாதிக்குப் பதில் பட்டாணிக் கொடியும் பீன்ஸ் கொடியும் கிடைத்தால் நாளுக்கு 120 ரூபாய் மிச்சம். நஷ்டம் மறைந்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் கையில் நிற்கும். மாடு மாறவில்லை, பால் விலை மாறவில்லை. புல் எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே மாறியது. பால் விலையை உயர்த்தக் கோரும் போராட்டங்கள் நியாயமானவை. ஆனால் இந்த உதாரணத்தில் லிட்டருக்கு 3 ரூபாய் உயர்வு ஆண்டுக்குத் தருவது 7,200 ரூபாய். சொந்தப் புல் தருவது 43,800 ரூபாய்.

*எண்களில்*

*தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரிக் கைப்பற்று நிலம் 0.75 ஹெக்டேர், அகில இந்தியச் சராசரி 1.08 ஹெக்டேர் (2015-16 வேளாண் கணக்கெடுப்பு).*

*2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் பசுவினம். எருமை 5.2 லட்சத்துக்குக் குறைந்துவிட்டது. வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம், செம்மறி 45 லட்சம்.*

*பூண்டுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தொழு எரு ஹெக்டேருக்கு 50 டன், அதாவது ஏக்கருக்கு 20 டன். ஒரு மாட்டின் சாணத்தைத் தழையோடு சேர்த்து மக்கவைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டன் எரு தேறும்.*

*கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றது.*

யூரியா மலிவு; பிறகு ஏன் எரு வண்டி?

இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு உரக்கடையிலிருந்து வருகிறது. ஒரு டன் தொழு எருவில் தழைச்சத்து சுமார் 5 கிலோ. அதே தழைச்சத்து 11 கிலோ யூரியாவில் இருக்கிறது. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்பதால், 11 கிலோவின் விலை 65 ரூபாய்தான். மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் உர விலையில் சேர்த்தாலும் ஒரு டன் எருவின் சத்து மதிப்பு 500 ரூபாயைத் தொடாது. மலைக்குக் கொண்டுவந்து இறக்கிய எருவுக்கு விவசாயி கொடுப்பதோ அதைவிடப் பல மடங்கு. சத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் மாடு வளர்ப்பதும் வீண், எரு வாங்குவதும் வீண்.

இந்தக் கணக்கு விவசாயிக்குத் தெரியாமல் இல்லை. மலிவான யூரியா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் வண்டி வாடகை கொடுத்து எருவை மேலே ஏற்றுகிறார் என்றால், அவர் வாங்குவது தழைச்சத்தை அல்ல. இங்கே மண் புளித்தது. மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காது. சரிவில் ஒரு கோடைமழை பெய்தால் மேல்மண் அடுத்த படிக்கு இறங்கிவிடும். மக்கு இல்லாத மண்ணில் நீர் நிற்காது, கிழங்கும் பூண்டும் பருக்காது. மண்ணைச் சரிவில் பிடித்து நிறுத்தும் பிடிமானத்துக்கு அவர் விலை கொடுக்கிறார். யூரியா மூட்டையில் அது கிடையாது. மலைக்கு எருவின் விலை ஏறுகிறது என்பதாலேயே தொழுவத்துச் சாணத்தின் மதிப்பும் இங்கே சமவெளியைவிடக் கூடுதல். டன் 2,500 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு மாடுகளின் 6 டன் எரு ஆண்டுக்கு 15,000 ரூபாய்ச் செலவைத் தடுக்கிறது. பால் கணக்கில் இது வருவதே இல்லை. பால் சொசைட்டி ரசீதிலும் இராது, வங்கிக் கடன் விண்ணப்பத்திலும் இராது.

அதே சமயம் ஓர் அளவையும் மறக்கக் கூடாது. ஒரு ஏக்கர் பூண்டுக்கு 20 டன் என்றால், இரண்டு மாடுகள் ஆண்டு முழுக்கச் சேர்ப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சொந்த மாடு இருந்தால் எருவே வாங்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது ஆசை வார்த்தை.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் எருவை நிறைய வாங்கிக்கொண்டு, மாட்டுக்கு எதையும் திருப்பித் தராத பயிர்கள். பூண்டுத் தாள் தீவனமாகாது. உருளைச் செடி மாட்டுக்கு நஞ்சு. பட்டாணி, பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் அப்படியல்ல. கொடியும் தழையும் தொழுவத்துக்குப் போகும், கடைசி மருந்தடிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே போதிய நாள் விட்டிருந்தால். நல்ல விலை கிடைக்கிறது என்று மேலும் மேலும் பூண்டே போடும் தோட்டத்தில் சுழற்சி அறுந்துவிடுகிறது. மாடு அங்கே ஒட்டாமல் தனியே நிற்கும். உருளைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1961ல் நீலகிரியில் கண்டறியப்பட்டு, பிறகு கொடைக்கானல் மலையிலும் தென்பட்ட முட்டைக்கூடு நூற்புழு, ஒரே மண்ணில் திரும்பத் திரும்பக் கிழங்கு போட்டால் பெருகும். இடையில் அந்தப் புழுவுக்கு இரையாகாத பயிர் வர வேண்டும். தீவன ஓட்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. மாட்டுக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும்.

புல்வெளி எங்கே போனது?

அரை ஏக்கர்க்காரருக்குப் புல் எப்போதுமே சொந்த நிலத்திலிருந்து வந்ததில்லை. ஊருக்கு மேலே பரந்து கிடந்த புல்வெளிகளிலிருந்து வந்தது. பகலில் மேய்ந்த மாடு மலையின் சத்தை வயிற்றில் சுமந்துகொண்டு இரவில் தொழுவத்தில் கொட்டியது. பொதுப் புல்வெளியிலிருந்து தனித் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த அந்த ஓட்டம் எவ்வளவு பெரியது என்பது, நின்ற பிறகுதான் தெரிந்தது.

பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018ல் வெளியான ஆய்வு ஒன்று, 1973க்கும் 2014க்கும் இடையே இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துபோனதைக் காட்டியது. வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ‘வெறும் புல்தானே’ என்று கருதி மரம் நட்ட காலத்தின் விளைவு அது. மிஞ்சிய காட்டின் பெரும்பகுதி 2013ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பது அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் புல்வெளியை இழந்த காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குகிறது, மேய்ச்சலை இழந்த வீட்டுமாடு தொழுவத்திலேயே கட்டிக் கிடக்கிறது. ஒரே இழப்பின் இரண்டு முகங்கள் இவை. மேயவிட்டால் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் பயப்பட வேண்டும். கட்டிவைத்தால் வைக்கோல் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி 18ஆம் நூற்றாண்டில் கண்ட வழி நினைவுக்கு வருகிறது. கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று நாலாண்டுச் சுழற்சி. அதில் இரண்டு பயிர்கள் கால்நடைக்கு. தரிசாகக் கிடந்த பருவத்தில் தீவனம் வந்தது, தீவனத்தால் மாடும் ஆடும் பெருகின, அவற்றின் எருவால் கோதுமை கூடியது. வரிசை முக்கியம்: முதலில் தீவனம், பிறகு விலங்கு. இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தைப் பார்க்கலாம். இறக்குமதித் தீவனத்தை நம்பி நிலம் தாங்குவதற்கு மேல் மாடு வளர்த்தார்கள். சாணம் சொத்து என்பது போய்ச் சுமையானது. 2018ல் பண்ணைக்குப் பண்ணை பாஸ்பேட் உரிமை வரம்பு கொண்டுவர வேண்டிய நிலை. அங்கே எரு மிகுந்து திணறுகிறார்கள், இங்கே எரு இல்லாமல் வண்டி வைத்து ஏற்றுகிறோம். இரண்டுக்கும் காரணம், மாட்டையும் மண்ணையும் பிரித்துவைத்தது.

*கொங்கின் பாடம்: கொரங்காடு*

*பழனி மலையின் வடக்கு அடிவாரத்தைத் தாண்டினால் காங்கேயம், தாராபுரம் பக்கம் தலைமுறைகளாக இருப்பது கொரங்காடு. கிளுவை வேலி சூழ்ந்த தனியார் மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல் கீழே, வெள்வேல மரங்கள் மேலே. புல்லுக்கு ஓய்வு கொடுக்கக் காட்டைப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். மழை குறைந்த, பயிர் கைவிடும் மண்ணில் காங்கேயம் மாடு நிலைத்ததற்கு இந்தப் புல்தான் அடிப்படை. நல்ல இனம் கிடைத்ததால் மேய்ச்சல் நிலம் வந்ததல்ல. மேய்ச்சல் நிலத்தை விடாமல் வைத்திருந்ததால் இனம் நின்றது.*

பூண்டு விலை ஏறும்போது மாடு எதற்கு?

2024 தொடக்கத்தில் பூண்டின் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு சென்ட் நிலத்தையும் புல்லுக்கு விட யாருக்கு மனம் வரும்? சரியான கேள்வி. ஒரு பசுவுக்கு ஆண்டுக்கு 9 டன் பசும்புல் வேண்டும். அதற்காகப் பூண்டு விளையும் படியை ஒதுக்கினால் எந்தப் பால் விலையும் அதை ஈடுகட்டாது. அதனால் பள்ளங்கி போன்ற ஊரில் நல்ல மண்ணில் தீவனம் போடு என்பது தவறான அறிவுரை. புல் வளர வேண்டிய இடம் வேறு: படிகளின் விளிம்பு, வரப்பின் சரிவு, பேரிக்காய் பிளம்ஸ் மரங்களின் அடி, நீரோடைக் கரை, இரண்டு வெள்ளாமைக்கு நடுவே மண் சும்மா கிடக்கும் வாரங்கள். வரப்பில் வேர் பிடித்த புல் மண் சரிவையும் தடுக்கும். இந்த இடங்களிலிருந்து எவ்வளவு புல் வருமோ அவ்வளவுக்குத்தான் கால்நடை. ஒரு ஏக்கரில் ஒரு மாட்டுக்கான புல்தான் வரும் என்றால் ஒன்றே போதும். அதற்கும் குறைவென்றால் இரண்டு வெள்ளாடு, அல்லது முயல். மன்னவனூரில் 1965 முதல் இயங்கும் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் செம்மறியோடு இறைச்சி முயலையும் வளர்த்துப் பார்த்திருக்கிறது. கேரட் தழையிலும் களைப்புல்லிலும் வளரும் முயலுக்குப் பெரிய மேய்ச்சல் தேவையில்லை. செம்மறிக்கோ திறந்த புல்வெளி வேண்டும். அது அரை ஏக்கர்க்காரருக்கு ஆகாது.

விலை ஏறும் ஆண்டைப் போல விழும் ஆண்டும் வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூண்டு நட்டு நாலு மாதம் கழித்துத்தான் பணம். விதைப்பூண்டுக்கும் எருவுக்கும் கூலிக்கும் முன்பணம் தேவை. அதை மண்டியில் வாங்கியவர் விளைந்ததை அதே மண்டிக்குப் போட்டாக வேண்டும்; விலை சொல்லும் உரிமை அங்கேயே போய்விடுகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை வரும் பால் காசு தொகையில் சிறிதுதான், ஆனால் கடன் வாங்காமல் நாலு மாதத்தைக் கடத்த அது உதவும். பூண்டைப் புகை காட்டிப் பரணில் வைத்து, விலை வரும்வரை காத்திருக்கும் வலு அவருக்குக் கிடைக்கிறது. மாட்டின் வருமானத்தில் இந்தக் காத்திருக்கும் வலுவையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொடைக்கானல் சுற்றுலா நகரமாக இருப்பதும் ஒரு சாதகம். டீக்கடைக்கும் விடுதிக்கும் நேராகப் பால் ஊற்ற முடிந்தவருக்குச் சொசைட்டி விலையைவிடக் கூடுதல் கிடைக்கும்.

யாருடைய உழைப்பு?

மறுப்புகளில் எனக்கு மிகக் கனமாகப் படுவது உழைப்பைப் பற்றியது. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சாணம் அள்ளுவதும், பனியில் புல்லறுத்துச் சுமந்து படியேறுவதும், இரண்டு வேளைப் பாலும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன. தேசிய ஆய்வில் 1,582 ரூபாய் 441 ஆகச் சரிந்ததில் அவர்களின் கூலி ஒளிந்திருக்கிறது. காட்டேஜ் வேலைக்குப் போனால் நாள் கூலி கையில் கிடைக்கும்போது மகன் ஏன் தொழுவத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மாட்டுப் பெருமை பேசிப் பதில் சொல்ல முடியாது. பதில் கொஞ்சமாவது இருப்பது புல்லின் தூரத்தில்தான். வீட்டைச் சுற்றியுள்ள வரப்பில் புல் இருந்தால் அரை மணி வேலை. மலையேறித் தேட வேண்டுமென்றால் அரை நாள் வேலை. பால் பணம் பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்குப் போனால் அந்த உழைப்புக்கு ஒரு முகமாவது கிடைக்கும். வீட்டில் ஆளில்லாத குடும்பத்துக்கு மாடு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் துணிவும் திட்டம் போடுபவர்களுக்கு வேண்டும்.

நோயும் அப்படியே. 2022ல் வட மாநிலங்களில் தோல்கழலை நோய் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்டுபோனது. இரண்டே மாடு வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் பாதிச் சொத்து போகிறது. காப்பீடு இல்லாத மாடு, ஆபத்தைக் குறைக்கும் கருவி ஆகாது. அதுவே ஒரு புது ஆபத்து.

திட்டங்கள் எதை எண்ணுகின்றன?

2011ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டம் ஆண்டுக்கு 12,000 மாடுகளை இலக்காக வைத்தது. கூடவே ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடுகள். பல குடும்பங்களுக்கு அது முதல் சொத்து. அந்த நன்மையை மறுக்க முடியாது. தீவன வளர்ப்புக்கும் அரசு தனியே பணம் ஒதுக்கியது. தனியே என்பதுதான் குறை. கால்நடைத் துறை மாட்டை எண்ணுகிறது, தோட்டக்கலைத் துறை பயிர்ப் பரப்பை எண்ணுகிறது, வேளாண் துறை உர மூட்டையை எண்ணுகிறது. ஒரே தோட்டத்தில் இந்த மூன்றும் சந்திக்கின்றனவா என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. பள்ளங்கிக்கு ஒரு திட்டம் எழுதுவதானால் அதன் முதல் ஆண்டில் மாடே வரக் கூடாது. வரப்புப் புல், மரத்தடித் தீவனம், எருக்குழிக்கு மழை நனையாத கூரை, இடைப்பயிராக ஓட்ஸ் விதை. இரண்டாம் ஆண்டில் புல்லை எடைபோட்டு, அதற்கேற்ப மாடோ ஆடோ முயலோ. மானியம் யூரியாவுக்கு மட்டும் போகாமல், தொழுவத்தில் மக்கவைத்த எருவுக்கும் டன் கணக்கில் கிடைத்தால் இந்தக் கணக்கு இன்னும் நேராகும்.

அதற்கப்பால் பொதுப் புல்வெளியின் கேள்வி இருக்கிறது. 2022ல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. வாட்டில் வெட்டிய சரிவுகள் மீண்டும் புல்வெளி ஆகலாம். அங்கே முதல் உரிமை காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும்தான். அவை மேலேயே வயிறு நிறைந்தால் கீழே தோட்டம் தப்பும். ஆனால் சரணாலயத்துக்கு வெளியே, ஊரை ஒட்டிய விளிம்புகளில், மாட்டை மேயவிடாமல் அரிவாளோடு போய்ப் புல்லறுத்து வரும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைகள் கேட்க இடமுண்டு. எந்தச் சரிவில், எந்த மாதத்தில், வீட்டுக்கு எத்தனை கட்டு என்பதை வனத்துறையும் கிராம சபையும் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். வாட்டில் வெட்டும் ஒப்பந்தம் போடும் நேரத்திலேயே அந்தப் பேச்சையும் தொடங்குவது நல்லது. வெட்டிய இடத்தில் ஒரே மழைக்காலத்தில் வாட்டில் விதை மறுபடி முளைத்து எழுந்துவிடும்.